அட்டவணைக்குள் ஒரு பள்ளிக்கூடம்: தேர்ச்சி சதவீதம் குறித்துச் சில குறிப்புகள்

1

மே மாதம் பிறந்தால் சென்னைக்கு இரண்டு தப்பாமல் வரும். ஒன்று கத்திரி வெயில். மற்றது தேர்வு முடிவு. முடிவு வெளியான சூடு ஆறுவதற்குள் மாநகராட்சிப் பள்ளிகளின் தேர்ச்சிக் கணக்கு செய்தித்தாளில் வந்துவிடும். எத்தனை பள்ளிகள் 'நூற்றுக்கு நூறு', போன வருஷத்தைவிட எத்தனை புள்ளி ஏற்றம், எது கடைசி. முதலிடம் பிடித்த மாணவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. வரவேற்க வேண்டிய காரியம்தான். ஆனால் மாணவனை விட்ட தரவரிசை பள்ளிக்கூடத்தை விட்டபாடில்லை.

இப்படியொரு வரிசையின் கடைசிப் பகுதியில் நின்ற பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். பெயர் வேண்டாம். தலைமையாசிரியைக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. ரிசல்ட் பற்றிப் பேச்செடுத்ததும் சிரித்தார். "மீட்டிங்ல எழுந்து நிக்கவச்சுக் கேட்டுட்டாங்க சார், நீங்களும் கேக்குறீங்களா? பக்கத்துல ஒரு பிரைவேட் ஸ்கூல். ஒன்பதாவதுல மார்க் வாங்காத நாலு பசங்களுக்கு டி.சி. குடுத்து அனுப்பிட்டாங்க. நாலு பேரும் எங்கிட்டதான் வந்தாங்க. மூணு பேரு பாஸ் பண்ணிட்டான். ஒருத்தன் போயிட்டான். அவங்க கணக்குல நூத்துக்கு நூறு. எங்க கணக்குல ஒரு ஃபெயில்."

இந்த மூன்று பாஸும் ஒரு ஃபெயிலும்தான் இக்கட்டுரையின் விஷயம். பிறர் கைவிட்ட நான்கு பிள்ளைகளில் மூன்று பேரைக் கரையேற்றிய பள்ளி அட்டவணையில் கீழே இறங்குகிறது. கைவிட்ட பள்ளி மேலே ஏறுகிறது. இதை யாரோ செய்த கணக்குத் தவறு என்று சொல்லிவிட முடியாது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. சரியான கணக்கே இப்படியொரு விடையைத் தருமென்றால், நாம் சந்தேகிக்க வேண்டியது கூட்டலைக் கழித்தலை அல்ல, கேட்கப்பட்ட கேள்வியை.

2

தேர்ச்சி சதவீதம் என்பது ஒரு பின்னம். மேலே இருப்பவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அரசியல் கீழே இருக்கிறது.

2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வன்று மாநிலம் முழுக்க 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை. பேரேட்டில் பெயர் இருந்தது, நுழைவுச்சீட்டு இருந்தது, தேர்வறையில் ஆள் இல்லை. சில நாள் பரபரப்பு. மே மாதம் முடிவு வந்தது: எழுதியவர்கள் 8,03,385, தேறியவர்கள் 7,55,451, தேர்ச்சி 94.03 சதவீதம். வராதவர்களைக் கீழ்எண்ணில் சேர்த்துப் பாருங்கள். சதவீதம் ஐந்து புள்ளிக்கு மேல் இறங்கும். சேர்க்கவில்லை. 'எழுதியவர்' என்ற ஒரே சொல் அரை லட்சம் பிள்ளைகளைத் துடைத்துவிடுகிறது. அதற்கும் முன்னால், பதினொன்றிலும் ஒன்பதிலும் நின்றுபோனவர்கள் பெயர்ப்பட்டியல் வரைகூட வருவதில்லை. இன்னொரு முனையில் 2021. கொரோனாவால் தேர்வு நடக்கவில்லை, பத்திலும் பன்னிரண்டிலும் அனைவரும் தேர்ச்சி. எதையும் சொல்லாத எண் எது என்று கேட்டால் அந்த நூறைத்தான் காட்ட வேண்டும். சுழியம்கூட அதைவிட அதிகம் சொல்லும்.

பள்ளியளவில் இந்தப் பின்னம் ஒரு நடத்தையை உருவாக்குகிறது. தேர்ச்சியை உயர்த்த இரண்டு வழிகள். மேலே கூட்டலாம், அது கடினம். கீழே குறைக்கலாம், அது எளிது. தனியார் பள்ளி டி.சி. கொடுத்துக் குறைக்கிறது. அரசுப் பள்ளிக்கு அந்த வசதி இல்லை. யாரையும் வெளியே தள்ள முடியாது என்பதுதான் அதன் அறம், அதுவே அட்டவணையில் அதன் பலவீனம். எனவே அங்கு வேறொன்று நிகழ்கிறது. 35க்குப் பக்கத்தில் தடுமாறும் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைக்கிறார்கள். நிச்சயம் தேறுகிறவனுக்கும் நிச்சயம் தேறாதவனுக்கும் ஆசிரியரின் நேரம் இல்லை.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1992 முதல் உயர்நிலைப் பள்ளிகளின் தேர்வு முடிவுகளை அட்டவணையாக வெளியிட்டார்கள். டேவிட் கில்பார்னும் டெபோரா யூடலும் லண்டன் பள்ளிகள் இரண்டைக் கூர்ந்து பார்த்து 2000இல் ஒரு நூல் எழுதினார்கள். போர்க்கள மருத்துவமனையில் காயம்பட்டவர்களைப் பிரிப்பதுபோல, பிழைப்பவன், கவனித்தால் பிழைக்கக்கூடியவன், விட்டுவிட வேண்டியவன் என்று பள்ளி தன் பிள்ளைகளைப் பிரிக்கத் தொடங்கியதை அதில் காட்டினார்கள். விட்டுவிடப்பட்டவர்களில் ஏழைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அதிகம் என்பதைச் சொல்லவே வேண்டாம். நாம் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று மெதுவாகச் சொல்கிறோம்.

3

அட்டவணையின் இன்னொரு பாவனை, பள்ளிக்கூடம் ஒரு தீவு என்பது. இந்தியாவில் ஒவ்வொரு பள்ளிக்கும் யு-டைஸ் என்ற தகவல் தொகுப்பில் பதினொரு இலக்க எண் உண்டு. 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, அடுத்து 02 வந்தால் சென்னை. எண் நிலையாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்குள் வந்துபோகும் பிள்ளைகள் நிலையாக இல்லை. சென்னையில் அவர்களை நகர்த்துவது யார்?

கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரங்களில் குடியிருந்தவர்களை நகரம் கால் நூற்றாண்டாகத் தெற்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. 2000 முதல் கண்ணகி நகர். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பெருமளவில் பெரும்பாக்கம். பிழைப்பு இருந்த இடத்திலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். கல்வியாண்டின் நடுவில், சில சமயம் தேர்வு நேரத்திலேயே வீடுகள் இடிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பிள்ளைகளில் சிலர் விடியற்காலையில் பஸ் ஏறிப் பழைய பள்ளிக்கே வந்துபோனார்கள், சிலர் புதிய இடத்தில் இடம் கிடைக்கக் காத்திருந்தார்கள், சிலர் நின்றேவிட்டார்கள்.

இது அட்டவணையில் எப்படிப் பதிவாகிறது? ஆற்றோரப் பள்ளியின் வரியில் 'மாணவர் சேர்க்கை குறைவு' என்று. கண்ணகி நகர்ப் பள்ளியின் வரியில் 'நெரிசல்' என்று, பிறகு 'தேர்ச்சி குறைவு' என்று. ஒரே புல்டோசர் இரண்டு பள்ளிகளின் மதிப்பெண்ணையும் இறக்கிவிட்டுப் போகிறது. ஆனால் புல்டோசருக்கென்று அட்டவணையில் ஒரு கட்டமும் இல்லை. சேர்க்கை குறைந்த பள்ளியை அடுத்த பள்ளியோடு இணைத்துவிடலாம் என்று கோப்பு எழும். 2019இல் மாணவர் எவருமில்லாத 46 தொடக்கப் பள்ளிகளை நூலகங்களாக்க மாநில அரசு முடிவெடுத்ததை நினைவில் கொள்ளலாம். பிள்ளைகள் ஏன் வரவில்லை என்ற கேள்வி, பிள்ளைகள் வரவில்லை என்ற தகவலால் விழுங்கப்படுகிறது.

எல்லைக்கோடு இதைவிடச் சுவாரஸ்யமானது. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் உள்ளே வந்தன. ஆனால் புதிய பகுதிகளின் பள்ளிகள் பல ஆண்டுகள் மாநில அரசின் கல்வித் துறையிடமே இருந்தன. மாநகராட்சிப் பள்ளிகள் என்றால் பழைய எல்லைக்குள் இருந்தவைதான். பெரும்பாக்கமோ அந்த விரிவாக்கத்திலும் வெளியே நின்றது. அதாவது, நகரம் தன் ஏழைகளில் ஒரு பகுதியைக் கோட்டுக்கு அப்பால் குடிவைத்துவிட்டு, கோட்டுக்கு இப்பால் மிஞ்சியவர்களை எண்ணி 'சென்னைப் பள்ளிகளின்' சராசரியைக் கண்டது. டி.சி. கொடுத்த தனியார் பள்ளி செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே டி.சி. கொடுத்தது மாநகரம்.

தேதியையும் கவனிக்க வேண்டும். நெடுங்காலமாக யு-டைஸ் படிவம் செப்டம்பர் 30 நிலவரத்தைத்தான் கேட்டுவந்தது. கழிப்பறை உண்டா, குடிநீர் உண்டா, மைதானம் உண்டா. தலைமையாசிரியர் உண்டு என்று குறிப்பார், பொய்யில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அக்டோபர் நடுவில். முழங்கால் தண்ணீரில் நிற்கும் மைதானம் தகவலுக்குள் வருவதில்லை. மழைக்கு இரண்டு வாரம் முன்பு சென்னையைப் படம் பிடித்துவைத்துக்கொண்டு, அதுதான் சென்னை என்கிறோம்.

4

இதையெல்லாம் சரிக்கட்டிக் கணக்கிட முடியாதா என்று கேட்கலாம். முயன்று பார்த்த நகரம் உண்டு. 2002இல் நியூயார்க் நகரப் பள்ளிகள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2007இல் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரை ஒரு கிரேடு தரும் அறிக்கையைத் தொடங்கினார்கள். முரட்டுத்தனமான தேர்ச்சிப் பட்டியல் அல்ல அது. மாணவர்கள் எங்கே இருந்து எங்கே முன்னேறினார்கள் என்பதற்கே அதிக எடை. ஏழ்மை, உடற்குறை, நுழையும்போது இருந்த மதிப்பெண் ஆகியவற்றை வைத்து ஒத்த நிலையிலுள்ள சுமார் 40 பள்ளிகளைக் கூட்டாக்கி, அவற்றோடு ஒப்பிட்டார்கள். நம் தலைமையாசிரியையின் புகாருக்கு ஏறத்தாழ பதில் சொல்லும் ஏற்பாடு.

நடந்தது என்ன? 2009இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 84 சதவீதத்துக்கு 'ஏ' கிடைத்தது. அடுத்த ஆண்டு மாநிலம் தேர்வின் தேர்ச்சிக் கோட்டை உயர்த்தியது. நகரமும் கால்வாசிப் பள்ளிகளுக்கு மட்டுமே 'ஏ' என்று வரையறுத்தது. பல பள்ளிகள் ஒரே வருஷத்தில் சரிந்தன. அதே ஆசிரியர், அதே கட்டடம், அதே தெரு. மாறியது அளவுகோல் மட்டும். இந்த எழுத்துகளும் காரணமாகக் காட்டப்பட்டுப் புளூம்பெர்க் காலத்தில் 150க்கும் மேற்பட்ட பள்ளிகள் படிப்படியாக மூடப்பட்டன. அடுத்த மேயரின் நிர்வாகம் 2014இல் எழுத்துக் கிரேடையே எடுத்துவிட்டது.

நுட்பத்தின் தோல்வி என்று மட்டும் இதை நான் படிக்கவில்லை. ஒத்த பள்ளியோடு ஒப்பிடுவதில் ஒரு கண்ணியம் இருப்பதுபோலவே ஒரு விஷமும் இருக்கிறது. ஏழைப் பிள்ளையை ஏழைப் பிள்ளையோடு ஒப்பிடு என்பது கொஞ்சம் அசந்தால், ஏழைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்றாகிவிடும். பிறப்பைப் பார்த்து எதிர்பார்ப்பை அளந்து கொடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆயிரம் வருஷப் பழக்கம். அமெரிக்காவில் 1966இல் வந்த கோல்மன் அறிக்கை, பள்ளியின் வசதிகளைவிட மாணவரின் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு அதிகம் தொடர்புள்ளது என்று கண்டது. பள்ளிக்குள் மட்டும் பார்த்துப் பயனில்லை என்பதற்கான வாதமாக அதைப் பயன்படுத்தலாம். 'எல்லாம் வீட்டுச் சூழல், நாம் என்ன செய்ய' என்று கைகழுவவும் பயன்படுத்தலாம். இரண்டாவதுதான் அதிகம் நடந்திருக்கிறது. அந்தத் தலைமையாசிரியையிடம் இதைச் சொன்னபோது கோபம் வந்துவிட்டது. "பாவம்னு மார்க் போடச் சொல்லல சார். எங்க பசங்களால முடியும். முடியறதுக்கு என்ன வேணுமோ அதக் குடுத்துட்டு அப்புறம் கேளுங்கன்றேன்."

5

சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இந்த இடத்தில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. மிஷல் ஃபூக்கோ 1975இல் எழுதிய 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலிலிருந்து தேர்வு பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ளலாம். பார்வையும் தீர்ப்பும் ஒன்றாகும் சடங்குதான் தேர்வு. அது மனிதனை எழுதப்பட்ட, ஒப்பிடத்தக்க ஒரு 'கேஸ்' ஆக்குகிறது. கூடவே அல்தூசர்: பள்ளி என்பது கருத்தியல் அரசுக் கருவி. கூடவே பூர்தியு, பஸ்ஸரோன்: குடும்பத்திலிருந்து வந்த பண்பாட்டு மூலதனத்தைப் பள்ளி 'திறமை' என்று முத்திரை குத்தித் திருப்பித் தருகிறது. ஆகவே எண் என்றாலே அதிகாரம். ஆகவே அட்டவணையைக் கொளுத்து. கட்டுரை முடிந்தது.

மேற்சொன்ன எதுவும் பொய்யில்லை. ஆனால் இதோடு நிறுத்துவது சோம்பல். எண்ணப்படுவதால் ஒடுக்கப்படுகிறவர்கள் உண்டு; எண்ணப்படாததால் காணாமல் போகிறவர்களும் உண்டு. தேர்வுக்கு வராத அந்த 50,000 பேருக்கு நேர்ந்தது கண்காணிப்பு அல்ல, கவனிப்பாரின்மை. புள்ளிவிவரம் ஆள்பவர்களின் மொழி மட்டுமே என்று சொல்ல நம் வரலாறும் இடம் தராது. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை எதைக்கொண்டு வாதிட்டது? அரசுப் பதவிகளில் யார் எத்தனை பேர் என்ற எண்ணைக்கொண்டு. காலனிய அரசு தன் நிர்வாக வசதிக்காகச் சேர்த்த கணக்கை எடுத்து அந்த அரசிடமும் ஆதிக்க சாதியிடமும் ஒருசேரக் கேள்வி கேட்டார்கள். இடஒதுக்கீட்டின் கதையே ஒரு வகையில் எண்ணைத் திருப்பிப் பிடித்த கதைதான். இன்றும் சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டுமென்று கேட்பவர்கள் யார், வேண்டாமென்று மழுப்புபவர்கள் யார் என்று பார்த்தால் விளங்கும்.

எண் யாரை நோக்கி நீட்டப்படுகிறது என்பதே கேள்வி. 1916இல் அது கீழிருந்து மேல்நோக்கி நீண்டது. தேர்ச்சிப் பட்டியல் மேலிருந்து கீழ்நோக்கி நீள்கிறது.

6

அதே தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில், ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவழித்துச் சிற்றுண்டி தரத் தீர்மானம் வந்தது. வறுமையால் பிள்ளைகளின் வருகை பாதிக்கப்படுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. இந்த ஐந்து பள்ளிகளில் 1922-23இல் 811 பிள்ளைகள், 1924-25இல் 1,671. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு மறுத்துவிட, 1925 ஏப்ரலில் நிறுத்தினார்கள். சேர்க்கை விழுந்தது.

நூறாண்டுக்கு முந்தைய இந்தச் சின்னக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இதுவும் சென்னை நகரப் பள்ளிகளைப் பற்றிய கல்வித் தகவல்தான், இதுவும் ஒப்பீடுதான். ஆனால் ஒரு பள்ளியை இன்னொரு பள்ளியோடு ஒப்பிட்டு எது மட்டம் என்று கேட்கவில்லை. நகரம் ஒன்றைக் கொடுத்தபோது பள்ளி எப்படி இருந்தது, பிடுங்கியபோது எப்படி ஆயிற்று என்று கேட்கிறது. ஏறிய எண் ஆசிரியரின் சாதனையாகவோ இறங்கிய எண் அவருடைய குற்றமாகவோ எழுதப்படவில்லை. அங்கே பதில் சொல்ல வேண்டியவர் கொடுத்தவரும் நிறுத்தியவரும்தான். 2022 செப்டம்பரில் அரசு காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த முன்வரலாற்றை நினைவுகூர்ந்தார்கள். உணவு திரும்பி வந்தது. அந்தக் கேள்வி கேட்கும் முறை திரும்பி வரவில்லை.

வர முடியாது என்றில்லை. இன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் இணையத்தில் தனி எண் உண்டு. ஒரு பள்ளியை விட்டுப் போகும் பிள்ளையின் பெயரை 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்பில் போடுகிறார்கள். அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பிள்ளை எந்தத் தேதியில் எங்கிருந்து கிளம்பி எத்தனை நாள் யாருக்கும் சொந்தமில்லாமல் அந்தக் குளத்தில் மிதந்தது என்பது, பதிவு ஒழுங்காக நடந்திருந்தால், அங்கேயே இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் இருந்தானோ அந்தப் பள்ளியின் கணக்கிலேயே அவன் தேர்ச்சியை எழுதினால் டி.சி. வியாபாரம் ஒரே வருஷத்தில் அம்பலமாகும். வீடு இடிக்கப்பட்ட தேதிக்குப் பக்கத்தில் பள்ளி மாறிய தேதியை வைத்தால், இடித்த துறையின் பெயருக்கு நேராக ஒரு தேர்ச்சி சதவீதம் எழுதலாம். ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலி, மழைக்கு எத்தனை நாள் மூடல், கழிப்பறையில் எத்தனை நாள் தண்ணீர் என்ற கட்டங்களைப் பள்ளியின் பெயரில் அல்லாமல் அதற்குப் பொறுப்பான அலுவலகத்தின் பெயரில் வரிசைப்படுத்தலாம். மே மாதம் அந்தப் பட்டியலும் செய்தித்தாளில் வரட்டும். எது கடைசி என்று பார்ப்போம்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒரு பிள்ளையை மூன்று வயதிலிருந்து பதினேழு வரை பின்தொடரும் எண் எந்தக் கைக்குப் போகும் என்ற ஃபூக்கோவின் அச்சம் இங்கே மீண்டும் வந்து நிற்கிறது. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. பிள்ளையின் பெயர் தெரியாமல் அதன் பயணத்தை மட்டும் எண்ணும் வழியைக் கண்டாக வேண்டும். ஆனால் அந்த எண் ஏற்கெனவே பிள்ளைமேல் ஒட்டப்பட்டாயிற்று. பிள்ளையையும் பள்ளியையும் மட்டும் அது பார்த்துக்கொண்டிருக்க, நகரம் பார்க்கப்படாமலே இருக்கும் நிலைமையை நடுநிலை என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கிளம்பும்போது தலைமையாசிரியை வாசல்வரை வந்தார். தேறாத அந்த நாலாவது பையன் துணைத்தேர்வு எழுதித் தேறிவிட்டானாம். சந்தோஷமாக இருந்தது. "அது உங்க சதவீதத்துல ஏறுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் மே மாசத்தோட முடிஞ்சுபோச்சு சார்" என்றார்.